பாத்தி பலவாயினும் வாய்க்கால் ஒன்றே!

மரக்காணத்து உப்பளங்களைக் காண்பவர் கண்ணுக்கு முதலிற் படுவன எண்ணற்ற பாத்திகளே. கிழக்கே கடல், தெற்கே கழுவெளி, இடையே பக்கிங்காம் கால்வாய் வந்து முடியும் கழிநிலம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இப் பகுதியே என்பது அறிஞர் பலர் கருத்து. வழிவழியாக உப்பு விளையும் இந்நிலத்தில் உழைப்போர் நன்கறிந்த உண்மையொன்று உண்டு. பாத்திகளின் எண்ணிக்கை உப்பின் தன்மையைக் கூறாது. அவற்றிற்கு நீர் வரும் வாய்க்காலே கூறும். ஒரு வாய்க்காலிற் சேறு கலந்துவிடின், அதனால் நீர் பெறும் நூறு பாத்தியிலும் உப்புக் கறுத்தே விளையும். ‘நூறு பாத்தியிலும் ஒரே நிறம்; ஆகவே உப்பின் இயற்கை நிறமே இதுதான்’ என்று ஒருவன் சொல்வானாயின், அளத்தில் ஒருநாள் உழைத்தவனும் அவனைப் பார்த்து நகைப்பான்.

ஆனால், இதே முறையிற் செய்தித்தாளைப் படிப்பவனைப் பார்த்து எவரும் நகைப்பதில்லை! ‘எல்லாத் தாளிலும் வந்துவிட்டது, வானொலியிலும் சொல்லிவிட்டனர், தொலைக்காட்சியிலும் காட்டிவிட்டனர், ஆகவே உண்மைதான்’ என்று கற்றவரும் கல்லாதவரும் ஒருங்கே பேசுகின்றனர். தாள்கள் பல என்பது மெய். அவை அனைத்திற்கும் நீர் வந்த வாய்க்கால் எது என்று கேட்பவர் எத்துணைப் பேர்?

அரசின் தணிக்கை என்பது பொய்யை எழுதச் சொல்வது மட்டும் அன்று. அதனினும் பெரிதாக, பல வாய்க்கால்களை அடைத்துவிட்டு ஒன்றனை மட்டும் திறந்து வைப்பதே தணிக்கை. அப்பொழுது தாள்களின் எண்ணிக்கை குறைவதில்லை. சான்றுகளின் எண்ணிக்கையே குறைகின்றது. இவ் வேறுபாட்டை உணராதவன் எத்தனை தாள் படித்தாலும் படித்தது ஒன்றே என்க.

வள்ளுவர் வகுத்த அளவை

செய்தியை எவ்வாறு தெளிவது என்பதற்குத் தமிழன் பிற நாட்டு அளவைகளைத் தேடியலைய வேண்டுவதில்லை. திருக்குறளில் ‘ஒற்றாடல்’ என ஓர் அதிகாரம் உண்டு. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனின் செய்தியோடு ஒத்துப் பார்த்தே கொள்ளல் வேண்டும் என்கின்றார் திருவள்ளுவர். அதன்மேலும் ஒரு படி சென்று, ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதவாறு ஆளல் வேண்டும் என்றும், அவ்வாறு ஆளப்பட்ட மூவர் சொல்லும் ஒத்திருப்பின் அதனைத் தெளியலாம் என்றும் வரையறுக்கின்றார்.

இவ் வரையறையிற் பகுதிகள் இரண்டு. ஒன்று, மூவர் என்னும் எண்; மற்றொன்று, அம் மூவரும் ஒருவரையொருவர் அறியாதிருத்தல். எண்ணை எல்லாரும் நினைவிற் கொள்கின்றனர். அறியாமை என்னும் கட்டுப்பாட்டை மறந்துவிடுகின்றனர். மூவரும் கூடிப் பேசிக்கொண்டு வந்தால் அது மூன்று சான்று அன்று. ஒரு சான்று மூன்று முறை சொல்லப்பட்டதே ஆகும். மூவருக்கும் ஒருவனே சொல்லிக் கொடுத்தனுப்பினால் அது ஒரு சான்றும் ஆகாது. சொல்லிக் கொடுத்தவனின் விருப்பமே ஆகும்.

முடியாட்சியில் இவ் வறிவுரை அரசனுக்கு உரியது. குடியாட்சியில் அரசன் யார்? குடியே அரசன். அமைச்சரும் அலுவலரும் அவன் ஏவலர். செய்தித்தாள் அவன் ஒற்று. ஏவலர் கூடி, அரசனின் ஒற்றரைப் பிடித்து, ‘இன்னதைச் சொல், இன்னதைச் சொல்லாதே’ என்று மிரட்டியனுப்பும் கொடுமையே தணிக்கை. அரசனின் கண்ணைக் கட்டிவிட்டு அவன் பெயரால் ஆள்வதற்கு இதனினும் எளிய வழி வேறில்லை.

நான்கு வாயை ஒரு வாயாக்கிய காலம்

இந்தியாவில் இது வெளிப்படையாக நிகழ்ந்தது 1975-ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு சூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. தில்லியில் நாளிதழ் அலுவலகங்கள் நிறைந்த பகதூர்சா சாபர் சாலையில் அன்றிரவே மின்னோட்டம் நிறுத்தப்பட்டது. அச்சுப்பொறிகள் ஓடவில்லை, பல தாள்கள் மறுநாள் வெளிவரவில்லை. சூன் 26 முதல் முன்தணிக்கை நடைமுறைக்கு வந்தது. அச்சேறுமுன் ஒவ்வொரு செய்தியும் தணிக்கையாளரின் கண்ணையும் கோலையும் கடந்தாக வேண்டும் என்றாயிற்று.

இது முதற்படியே. அவ்வாண்டின் இறுதியில் மூன்று ஆணைகள் பிறந்தன. இதழ்களின் உரிமையைக் காக்க இருந்த செய்திமன்றம் கலைக்கப்பட்டது. அரசுக்கு ஒவ்வாதன எனக் கருதப்படுவனவற்றை வெளியிடுவதைத் தண்டிக்கச் சட்டம் வந்தது. நாடாளுமன்றத்திற் பேசியதை அப்படியே வெளியிடும் இதழுக்குக் காப்பளித்த 1956-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. அச் சட்டத்தை முயன்று கொணர்ந்தவர் தலைமையமைச்சர் இந்திராகாந்தியின் கணவர் பெரோசு காந்தி என்பது எண்ணத்தக்கது. கணவர் திறந்த வாயிலை மனைவி அடைத்தார்!

இவற்றினும் ஆழமானது 1976 பிப்ருவரியில் நிகழ்ந்தது. அதுவரை இந்திய நாளிதழ்களுக்குச் செய்தி திரட்டித் தந்த நிறுவனங்கள் நான்கு: பி.டி.ஐ., யு.என்.ஐ., இந்துசுதான் சமாச்சார், சமாச்சார் பாரதி. இந் நான்கும் ஒன்றாக்கப்பட்டு, ‘சமாச்சார்’ என்னும் ஒரே நிறுவனமாயின. தில்லியிலும் பாட்னாவிலும் தம் செய்தியாளரை வைத்துக்கொள்ளும் வலிமை மாவட்டந்தோறும் வெளிவந்த சிறு தாள்களுக்கு ஏது? அவை இந் நிறுவனங்களையே நம்பி வாழ்ந்தன. நான்கு ஒற்றரையும் ஒரே ஒற்றனாகக் கட்டிவிட்டபின், தமிழிலும் தெலுங்கிலும் மராத்தியிலும் நூற்றுக்கணக்கான தாள்கள் ஒரே செய்தியைச் சொன்னதில் வியப்பென்ன? வள்ளுவரின் அளவையை எவ்வாறு கெடுப்பது என்று திட்டமிட்டுக் கெடுத்தாற் போன்ற செயல் அது!

அதன் விளைவையும் காண்க. 1976 ஏப்பிரலில் தில்லி துருக்குமான் வாயிற்பகுதியில் மக்கள் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன, எதிர்த்தவர் சுடப்பட்டனர். 1976–77 ஆகிய ஓராண்டில் மட்டும் 80 இலக்கத்திற்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றுட் பல, மக்களை அச்சுறுத்தியும் பிடித்திழுத்தும் செய்யப்பட்டன. இவை தாள்களில் ‘நகரைத் தூய்மை செய்தல்’ என்றும், ‘குடும்ப நலத்தில் வெற்றி’ என்றுமே உருப்பெற்றன. வடபுலத்து மக்கள் இவற்றை அறிய எந்தத் தாளும் வேண்டியிருக்கவில்லை. தம் தெருவிற் கண்டனர். தம் உடம்பிலே அறிந்தனர். 1977 மார்ச்சுத் தேர்தலில் உத்தரப்பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பீகாரின் 54 தொகுதிகளிலும் பேராயக் கட்சிக்கு ஒன்றுகூடக் கிட்டவில்லை. அதே தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுட் பெரும்பாலானவற்றைப் பேராயக் கட்சி இடம்பெற்ற கூட்டணியே வென்றது.

இதற்குக் கரணியங்கள் பல. அக் கொடுமைகள் வடக்கிற் போலத் தெற்கில் நிகழாமையும் கூட்டணியின் வலிமையும் அவற்றுட் சில. ஆயினும், வடக்கே நிகழ்ந்ததைத் தெற்கே அறியவொட்டாமல் அடைத்து வைத்த வாய்க்காலை அக் கரணியங்களுள் ஒன்றாகக் கொள்ளாதிருத்தல் இயலாது. ஒரே நாடு என்று பேசப்பட்ட பரப்பில், ஒரு பாதி மக்கள் பட்ட துன்பம் மறு பாதிக்குச் செய்தியாகவும் வந்து சேரவில்லை! தன் கண்ணால் காணாத தொலைவிற்கே மாந்தனுக்குச் செய்தித்தாள் வேண்டும். அத் தொலைவிலேதான் தணிக்கை முழுவெற்றி பெறுகின்றது.

தணிக்கை இறுதியில் அதனை ஏவியவரையே குருடாக்குகின்றது என்பதும் அத் தேர்தல் காட்டிய பாடமாகும். 1977 சனவரியில் தேர்தலை அறிவித்த இந்திராகாந்தி, மக்கள் தம் பக்கமே உள்ளனர் என நம்பினார் என்பர். தம் விருப்பத்தையே எல்லாத் தாள்களும் திருப்பிச் சொல்லக் கேட்டவர்க்கு அந் நம்பிக்கை பிறந்ததில் வியப்பில்லை. எதிரொலியைக் குடிமக்களின் குரலென்று கொண்டவர், தம் தொகுதியாகிய இராய்பரேலியிலேயே தோற்றார்.

வெற்றிடமும் பேசும்

வாய் கட்டப்பட்ட காலத்தில் உண்மை முற்றும் செத்துவிடுவதில்லை. அது நடக்கும் வழி வேறாகின்றது. படிப்பவனும் வேறு வகையிற் படிக்கப் பழகல் வேண்டும்.

நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட சில நாள்களிலேயே இந்தியன் எக்சுபிரசு, ஆசிரியவுரை அச்சாகும் இடத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தது. எழுத்தில்லாத அவ் வெள்ளைப் பகுதியே அன்று நாட்டில் வந்த ஆசிரியவுரைகள் அனைத்தினும் வலியதாயிற்று. டைம்சு ஆப் இந்தியாவின் மும்பைப் பதிப்பில், கட்டணம் செலுத்திய ஒரு சிறு சாவறிவிப்பு வந்தது. இறந்தவர் பெயரைக் கூட்டிப் படித்தவர்க்கே, அது குடியாட்சியின் சாவறிவிப்பு என்பது விளங்கிற்று. தணிக்கையாளர் கண் அதன்மேற் பட்டும் படவில்லை.

தமிழ்நாட்டிலும் ஒப்பற்ற நிகழ்ச்சியொன்று உண்டு. 1976 சனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. உடனே ‘மிசா’ச் சட்டத்தின்கீழ்க் கட்சியினர் நூற்றுக்கணக்கிற் பிடிக்கப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டனர். யார் யார் பிடிக்கப்பட்டனர் என்று வெளியிடத் தணிக்கை இடந்தரவில்லை. பிள்ளை எங்கே என்று தாயும், கணவன் எங்கே என்று மனைவியும் அறியாத நிலை. அவ்வேளையில் பிப்ருவரி 3, அண்ணாவின் நினைவுநாள் வந்தது. அண்ணா நினைவிடத்தில் மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று கூறி, முரசொலி ஒரு பெயர்ப்பட்டியலை வெளியிட்டது. தணிக்கையாளர் அதனை நினைவுநாட் செய்தியாகக் கண்டார். தமிழ் மக்களோ அதனைச் சிறைப்பட்டோர் பட்டியலாகப் படித்தனர். ‘வர இயலாதவர்’ என்னும் ஒரு சொல்லில் உண்மை முழுதும் அடங்கிக் கிடந்தது. எழுதியவர் திறம் பாதி. படித்தவர் திறம் மறுபாதி.

அதே பிப்ருவரியின் 2-ஆம் நாள் இரவு, சென்னை நடுவண் சிறையில் அடைபட்டோர்மீது கொடிய அடி விழுந்தது. மறுநாட் காலைத் தாள்களில் அதைப் பற்றி ஒருவரியும் இல்லை. சென்னை மாநகராட்சித் தலைவராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய சிட்டிபாபு அச் சிறையில் அடிபட்டவர். 1977 சனவரியில் உயிர் நீத்தார். நெருக்கடி நிலை நீங்கியபின் நீதியரசர் மு.மு. இசுமாயில் தலைமையில் அமைந்த உசாவல் ஆணையமே அவ்விரவின் நிகழ்ச்சிகளை முறையாகப் பதிவு செய்தது. செய்திக்கும் நிகழ்ச்சிக்கும் இடையே ஓராண்டுக்கு மேற்பட்ட இருட்டு! ஒரு காலத்துத் தாள்கள் எத்துணை நம்பத்தக்கன என்பதை அறிய விழைவார், பின்னாளில் வந்த இத்தகைய பதிவை ஒரு கையிலும், அந்நாளைத் தாளை மறு கையிலும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அன்று ஒன்றும் சொல்லாத தாள் எது? சொல்ல இயலாமையை ஏதேனும் ஒரு குறியால் உணர்த்திய தாள் எது? அடித்தவரையே புகழ்ந்த தாள் எது? இம் மூன்றும் ஒன்றல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வெற்றிடம் ‘ஏதோ நிகழ்ந்தது’ என்று மட்டுமே சொல்லும். ‘இன்னது நிகழ்ந்தது’ என்று சொல்லாது. வெள்ளையாக விடப்பட்ட இடத்தில் தன் விருப்பத்தை எழுதிப் படிப்பவன், தணிக்கையாளனின் பிடியினின்று தப்பித் தன் மனத்தின் பிடியில் விழுந்தவனே ஆவான்.

எல்லைக்கு அப்பாலிருந்து வரும் குரல்

மரக்காணத்தினின்று தெற்கே கடலோரமாகச் சென்றால், செம்மண் மேட்டில் ஆரோவில் நிலப்பகுதி வரும். அதனையடுத்துத் தமிழ்நாட்டெல்லையும் புதுவையெல்லையும் ஒன்றனுள் ஒன்று புகுந்து கிடக்கும். இன்று அவை ஓர் அரசின்கீழ் வாழும் இரு நிலப்பிரிவுகளின் எல்லைகள். 1954 வரையிலோ, ஒருபுறம் பிரெஞ்சுக்காரர் ஆட்சியும் மறுபுறம், 1947 வரை, ஆங்கிலேயர் ஆட்சியும் நிலவின. அவ்வெல்லைக்கோடு தமிழ் இதழியல் வரலாற்றில் ஒரு பெரும்பணி செய்தது.

1908-இல், சென்னையில் வெளிவந்த ‘இந்தியா’ இதழின்மேல் ஆங்கில அரசின் கை விழுந்தது. சட்டப்படி அதன் ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன் சிறைத்தண்டனை பெற்றார். அதனை உண்மையில் எழுதி நடத்திய பாரதியார் புதுவைக்குச் சென்றார். அவ்வாண்டு அக்டோபரில் இதழ் மீண்டும் புதுவையிலிருந்து எழுந்தது. எல்லைக்கு இப்பால் சொல்லவியலாததை அப்பால் நின்று சொல்லிற்று. ஆங்கில அரசு அவ்விதழ் தன் எல்லைக்குட் புகாதவாறு தடுக்கவே, 1910 மார்ச்சில் அது நின்றுபோயிற்று. ஓர் இதழைப் படிக்கக் கூடாதென்று பேரரசொன்று எல்லையிற் காவல் வைக்கின்றதெனின், அவ்விதழில் அப் பேரரசு அஞ்சும் ஏதோ ஒன்று இருந்தது என்பதே பொருள்.

இதனின்று பெறப்படும் அளவை யாது? ஒரு குரல் நம்பத்தக்கதா என ஆயுங்கால், அக் குரலைத் தண்டிக்க வல்லவன் எவன் என்பதை முதலிற் கேட்டல் வேண்டும். தன்னைத் தண்டிக்க வல்லவனைப் பற்றியே உண்மை பேசுபவன் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. எவன் கையும் எட்டாத இடத்தில் நின்று பேசுபவன் சொல்லை உடனே தள்ளவும் வேண்டா. உடனே கொள்ளவும் வேண்டா. அவனுக்குத் தணிக்கையச்சம் இல்லை என்பது ஊதியம். நேரிற் காணும் வாய்ப்பும் இல்லை என்பது இழப்பு.

இலண்டனிலிருந்து ஒலித்த பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பை எடுத்துக்கொள்க. அது 1941-இல், ஆங்கிலேயரின் போர்க்காலத் தேவைக்காகவே தொடங்கப்பட்டது. அன்று ஆங்கிலேயரைப் பற்றி அதனிடம் உண்மை எதிர்பார்ப்பது அறியாமை. ஆனால், 1980-களிலும் பின்னரும் ஈழத்துச் செய்திக்காகத் தமிழ்நாட்டு மக்கள் இரவுதோறும் அதனைத் தேடிக் கேட்டனர். ஏன்? கொழும்பின் கையும் தில்லியின் கையும் ஒருசேர எட்டாத இடமாக அன்று அது இருந்தது. ஆகவே, குரல் நல்லதா தீயதா என்பதன்று கேள்வி. எச்செய்தியில், எவரைக் குறித்து, எக்காலத்தில் என்பதே கேள்வி.

வன்னி காட்டிய மூவர்

ஈழத்தமிழர் இவ் வளவைகளைத் தம் குருதியால் கற்றனர். 1981 சூன் முதல்நாள் யாழ்ப்பாணம் பொதுநூலகம் எரிக்கப்பட்ட நாள்களிலேயே ‘ஈழநாடு’ நாளிதழின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. 2006 மே 2-இல் ‘உதயன்’ அலுவலகத்திற் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் மாண்டனர். சிங்களவரே ஆயினும், அரசைக் குற்றஞ்சாட்டி எழுதிய இலசந்த விக்கிரமதுங்க என்னும் இதழாசிரியர், 2009 சனவரி 8-இல் கொழும்புச் சாலையிற் கொல்லப்பட்டார். தணிக்கை என்பது எப்பொழுதும் தாளின்மேல் வைக்கும் முத்திரை அன்று. சிலபோது அது நெஞ்சின்மேல் வைக்கும் துமுக்கி.

2009-இன் முதல் ஐந்து திங்கள், வன்னிப் போர்க்களத்துள் வெளியாராகிய செய்தியாளர் எவரையும் இலங்கை அரசு தன்போக்கிற் செல்ல விடவில்லை. பொதுமக்களுக்கு இழப்பே இல்லாத போர் நடக்கின்றதென்று அறிவித்துக்கொண்டிருந்தது. உலகத் தாள்கள் பல அவ் வறிவிப்பை அப்படியே அச்சிட்டன. அப்பொழுது உண்மையை அறிய வழியே இல்லையோ? இருந்தது. போர்ப்பகுதிக்குள் மருத்துவம் செய்துகொண்டிருந்த அரசு மருத்துவர்கள் சிலர் தொலைபேசி வழியே சாவுகளைச் சொல்லினர். செஞ்சிலுவைச் சங்கத்தின் பொறுப்பிற் சென்ற கப்பல்கள், காயமுற்றவரையும் உடன்வந்தோரையும் ஆயிரக்கணக்கில் ஏற்றி வந்தன. வானில் சுழலும் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள், அடைக்கலப் பகுதியில் குண்டு விழுந்த குழிகளைக் காட்டின.

மருத்துவர்கள் சொன்னதைக் கப்பல் சொல்லிக் கொடுத்ததில்லை. கப்பல் கண்டதைக் கோள் அறிந்ததில்லை. இம் மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர். மூவர் சொல்லும் ஒத்தன! ஈராயிரம் ஆண்டுக்கு முன்னர் ஓலையில் எழுதிய அளவை அங்கே நிறைவேறியது. போருக்குப் பின் அம் மருத்துவர்கள் காவலில் வைக்கப்பட்டனர். 2009 சூலையிற் கொழும்பில் செய்தியாளர்முன் நிறுத்தப்பட்டு, தாம் முன்பு சொன்னவை மிகையென்று சொன்னார்கள். முன்சொல் புலிகளின் ஆட்சிப்பகுதியில் இருந்தபோது எழுந்தது. பின்சொல் அரசின் காவலில் இருந்தபோது எழுந்தது. இரண்டையும் தனித்தனியே எடுத்தால் ஐயத்திற்கு இடமுண்டு. ஆனால், கப்பலையும் கோளையும் எவரும் காவலில் வைத்து மறுத்துரைக்கச் செய்யவில்லை. 2011-இல் ஐ.நா. அவைப் பொதுச்செயலரின் வல்லுநர் குழு, மாண்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்று எழுதிற்று. இழப்பே இல்லை என்ற அரசின் சொல் அன்றே சரிந்தது.

விழைவும் ஒரு தணிக்கையே

இனிச் சொல்ல வேண்டியது தமிழுணர்வாளர்க்குக் கசப்பானது. ஆயினும் சொல்லாமல் விடுதல் அறமன்று.

2009 மே 18, 19 நாள்களில், விடுதலைப்புலிகளின் தலைவர் மாண்டார் என்று இலங்கை அரசு அறிவித்தது. பொய்யே பேசிப் பழகிய அரசு சொல்லிற்று. ஆகவே பொய் என்று தமிழர் பலர் துணிந்தனர். தமிழ் ஏடுகள் சிலவும் அவ்வாறே எழுதின. ஆனால், மே 24-இல் புலிகளின் வெளியுறவுப் பொறுப்பாளர் செல்வராசா பத்மநாதனே அச் சாவை ஒப்புக்கொண்டார். துயரத்தை ஏற்க மறுக்கும் நெஞ்சின் இயல்பு அது. அதனை இழித்துரைத்தல் தகாது. எனினும், அதனாற் கற்க வேண்டிய பாடம் உண்டு. பொய்யன் சொல்வதெல்லாம் பொய் ஆகாது; அன்பன் சொல்வதெல்லாம் மெய் ஆகாது. அரசு முன்பு பொய்த்தது என்பது அதன் அடுத்த சொல்லை ஆராயக் கரணியமாகும். ஆராயாமலே தள்ளக் கரணியம் ஆகாது. புலிகளின் ஆட்சிப்பகுதியிலும் மாற்றுக்குரலுக்கு இடமிருந்ததில்லை என்பதை மறைத்துவிட்டுக் கொழும்பின் தணிக்கையை மட்டும் பேசுவது, அளவுகோலை இரண்டாக வெட்டுவதாகும். ஒருகண்ணில் வெண்ணெயும் மறுகண்ணிற் சுண்ணாம்பும் வைப்பவன் அளவை வல்லானாகான்.

பகைவன் வைக்கும் தணிக்கை தாளில் வெற்றிடமாகத் தெரியும். விழைவு வைக்கும் தணிக்கையோ தெரிவதேயில்லை. அதுவே பெரிய இடர்.

இற்றை வாய்க்கால்கள்

நெருக்கடி நிலை 1977-இல் நீங்கிற்று. 1978-இல் ‘சமாச்சார்’ கலைந்து பழைய நிறுவனங்கள் மீண்டன. அதனால் வாய்க்கால்கள் என்றும் திறந்தே இருக்கும் என்று உறங்கிவிடலாமோ? 1987-இல், சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் எள்ளிய ஓர் அட்டைப்படத்திற்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு மூன்று திங்கள் கடுஞ்சிறை விதித்தது தமிழ்நாட்டுச் சட்டமன்றம். மக்கள் எதிர்ப்பெழுந்த பின்னரே சில நாளில் விடுவித்தது. 2025 பிப்ருவரியில், தலைமையமைச்சர் மோடியை விலங்கிட்டவராகக் காட்டிய ஒரு படத்திற்காக அதே நிறுவனத்தின் இணையத்தளம் முடக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் சென்றே அது மீண்டது. முன்னதைச் செய்தவர் சென்னையில் ஆண்டவர். பின்னதைச் செய்தவர் தில்லியில் ஆள்பவர். இதழின் வாயைக் கட்டுவதில் எக் கட்சிக்கும் தனிவிலக்கு இல்லை.

வாய்க்காலை ஒன்றாக்கும் முயற்சியும் ஓயவில்லை. வானொலியையும் தூரதரிசனத்தையும் நடத்தும் பிரசார் பாரதி, 2020-இல் பி.டி.ஐ.யின் செய்திக்கொள்முதலை நிறுத்திற்று. 2023-இல் ‘இந்துசுதான் சமாச்சார்’ நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அவ்வாண்டே வானொலி தன்னை ‘ஆகாசவாணி’ என்றே அழைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆணையும் பிறந்தது. செய்தி ஊறும் கிணறும் ஒன்று; அதன்மேல் எழுதும் பெயரும் வேற்றுமொழி. தமிழில் ஒலிக்கின்றது என்பதனாலேயே தமிழன் கண்டு சொன்ன செய்தி என்று கொள்ளற்க. பெயர்த்து எழுதிய செய்திக்கும் பார்த்து எழுதிய செய்திக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு.

தணிக்கையாளர் எவரும் அமராத இடத்திலும் குரல்கள் மறைவதுண்டு. 1968 பிப்ருவரி 28-இல் 124 நாடுகளின் மண்ணைத் தாழியிலிட்டுத் தொடங்கப்பட்டது ஆரோவில். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நடுவணரசு அமைத்த நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. 2021 திசம்பரில் அங்கே சாலைக்காக மரங்கள் வீழ்த்தப்பட்டபோது, நிறுவனத்தார் ஒன்று சொன்னார்கள். எதிர்த்த குடியிருப்பாளர் வேறொன்று சொன்னார்கள். பசுமைத் தீர்ப்பாயமும் பின்னர் உச்சநீதிமன்றமும் வெவ்வேறு முடிவு கூறின. உலகத் தாள்களும் அதனை எழுதின. ஆனால், இரும்பையிலும் இடையஞ்சாவடியிலும் குயிலாப்பாளையத்திலும் வழிவழியாக வாழும் தமிழ்மக்கள் அதைப் பற்றி என்ன கருதினர் என்பது அச் செய்திகளில் எத்துணை வரி பெற்றது? இருவர் வழக்கில் மண்ணுக்குரிய மூன்றாமவன் சொல் கேட்கப்படாவிடின், அங்கும் வள்ளுவரின் ‘மூவர்’ நிறையவில்லை.

அரசைப் பழிப்பதே உண்மையாகிவிடாது என்பதற்கும் அண்மைச் சான்று உண்டு. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டிற் பீகார்த் தொழிலாளரைக் கொல்கின்றனர் என்று பொய்ப்படங்கள் கைப்பேசிகளில் நாடெங்கும் பரவின. கண்டவர் இலக்கக்கணக்கினர், கண்டதோ ஒரு சில படங்களே. தமிழ்நாட்டரசின் மறுப்பு அன்று மெய்யாயிருந்தது. மக்கள் கையில் இருந்த படம் பொய்யாயிருந்தது. கைப்பேசிகள் கோடியாயினும் வாய்க்கால் ஒன்றே!

படிப்பார்க்கு ஐந்து அளவைகள்

மேற்கூறியவற்றைத் திரட்டின், படிப்பவன் ஒவ்வொரு செய்தியின்முன்னும் கேட்க வேண்டியவை ஐந்து.

முதலாவது: இச் செய்தியை நேரிற் கண்டவன் எவன்? ‘தெரிகின்றது’, ‘கூறப்படுகின்றது’ என்பனவற்றிற்கு எழுவாய் உண்டா? எழுவாயில்லாத வினைக்குப் பொறுப்பாளி இல்லை. இலக்கணம் கற்றவனுக்கு இது தெரியாததன்று.

இரண்டாவது: ஒரே செய்தியைச் சொல்லும் தாள்கள் வேறுவேறு கண்களாற் கண்டனவா, ஒரே அறிவிப்பைப் படியெடுத்தனவா? சொற்களும் ஒன்றாக இருப்பின் சான்றும் ஒன்றே.

மூன்றாவது: இதைச் சொல்வதால் சொல்பவனுக்கு வருவது ஊதியமா, இடரா? இடரை ஏற்றுச் சொல்லும் சொல் எடை மிக்கது.

நான்காவது: நேற்றுவரை பேசப்பட்டு இன்று திடுமென நின்றுபோன செய்தி எது? நிகழ்ச்சி நின்றதா, பேச்சு நின்றதா?

ஐந்தாவது: இது மெய்யாக இருக்கவேண்டும் என்று படிப்பவன் நெஞ்சு விழைகின்றதா? விழையின், மற்ற நான்கு கேள்விகளையும் இருமுறை கேட்க.

தவறியதை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிடும் ஏட்டை, ஒருபொழுதும் தவறாததுபோல நடிக்கும் ஏட்டினும் மேலாக மதித்தல் வேண்டும். பழைய தாள்களை எடைக்குப் போடாமல் ஊர் நூலகத்திற் சேர்த்து வைத்தல் வேண்டும். பின்னாளில் உசாவல் மன்றங்கள் கூடும்போது, யார் என்ன சொன்னார், யார் வாய்மூடியிருந்தார் என்பதற்கு அவையே கரி. ஊரில் நிகழ்வதைத் தானே கண்டு, நாளும் இடமும் பெயரும் பிழையாமல் குறித்து வைக்கும் இளைஞர் ஒவ்வோர் ஊரிலும் நால்வரேனும் எழுதல் வேண்டும். வாய்க்காலை எவன் அடைத்தாலும், ஊருக்கு ஊர் கிணறு தோண்டிவிட்டால் நீருக்குத் தட்டில்லை.

மொழியைக் காப்போம் என்போர்க்கு இது கூடுதற் கடமையுமாம். சொல்லிற் கலந்த வேற்றுச்சொல்லைக் கண்டு களையும் கண், செய்தியிற் கலந்த பொய்யைக் கண்டு களையாதாயின், அத் தூய்மை பாதித் தூய்மையே. தூய தமிழிற் சொன்ன பொய்யும் பொய்தான். தமிழ் என்னும் சொல்லுக்கு இனிமை என்று பொருள் கூறினர் முன்னோர். அவரே வாய்மையினும் நல்லது பிறிதில்லை என்றும் கண்டனர். அவ் விரண்டையும் ஒருங்கே காக்க எழுக!